தாழி வனையத் தெரிந்த கை

புதன் இரவு, திருநெல்வேலி ஜங்ஷன்

பொருநை என்ற தாமிரபரணியின் கரையில் தோண்டி எடுத்தவற்றைக் கண்ணாடிப் பெட்டிக்குள் அழகாக வைத்தாயிற்று. அவற்றைச் செய்த வேலையைக் கண்ணெதிரே செய்து காட்டவும் ஆட்கள் வேண்டும் என்பது எங்கள் நெடுநாள் ஆசை. பள்ளிப் பிள்ளைகளைத் தொல்லியல் இடங்களுக்கு அழைத்துப் போகும் நண்பர்கள் சிலர் நாங்கள். பானை வனைகிறவர்களும் பாய் நெய்கிறவர்களும் இந்தப் பக்கம் இன்னும் இருக்கிறார்கள். ஆனால் அவர்களைக் கூட்டிவந்து ஒரு கொட்டகையில் உட்கார வைத்துவிட்டால் போதாது. கைக்கும் பழக்கம் வேண்டும், வாய்க்கும் பழக்கம் வேண்டும். அந்தப் பயிற்சி எப்படி இருக்க வேண்டும் என்று தொழில்காரர்களிடமே கேட்டுவரத்தான் கிளம்பியிருக்கிறோம். தொல்லியல் படித்த தோழி ஒருத்தியும் கூட வருகிறாள்.

இன்று ரெட்டியார்பட்டியில் பொருநை அருங்காட்சியகம். ஆதிச்சநல்லூர், சிவகளை, கொற்கை என்று மூன்றுக்கும் தனித்தனிக் கட்டடங்கள். கருப்பு சிவப்புக் கிண்ணங்கள் இருக்கும் இடத்தில்தான் வெகுநேரம் நின்றேன். வெளிப்பக்கம் செங்கல் சிவப்பு. விளிம்பிலும் உள்ளேயும் மினுமினுக்கும் கருப்பு. பக்கத்தில் ஓர் அப்பா தன் மகனுக்கு, "உள்ள மட்டும் கருப்பு பெயிண்ட் அடிச்சிருக்காங்க பாரு" என்று விளக்கிக்கொண்டிருந்தார். அவரைக் குறை சொல்ல முடியாது. பார்த்தால் அப்படித்தான் தெரியும். பூச்சு எதுவும் கிடையாது, நெருப்பு செய்த வேலை அது. கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்துச் சுடும்போது உள்ளே காற்று போகாமல் கரி ஏறிக் கருக்கிறது. வெளியே காற்றுப் படும் இடத்தில் மண்ணிலுள்ள இரும்பு சிவக்கிறது. இதை எழுதி ஒட்டினால் பத்துப் பேரில் எத்தனை பேர் படிப்பார்கள்? ஒரு சூளையைப் பிரித்துக் காட்டினால் அந்தப் பையன் ஆயுசுக்கும் மறக்க மாட்டான்.

மற்ற நாடுகளில் இதற்கு நல்ல முன்மாதிரிகள் உண்டு. ஸ்டாக்ஹோமில் ஸ்கான்சென் திறந்தவெளி அருங்காட்சியகம் 1891-லேயே தொடங்கிவிட்டது. அது பழைய கிராம வீடுகளைப் பெயர்த்துக் கொண்டுவந்து வைத்த இடம். தொல்லியல் சான்றை வைத்து வீட்டையே புதிதாகக் கட்டிப் பார்ப்பது அடுத்த படி. டென்மார்க்கில் லெய்ரே 1964-இலும், இங்கிலாந்தில் பட்ஸர் பண்ணை 1972-இலும் அதைத் தொடங்கின. குழியில் நட்ட கம்பத்தின் தடம் மட்டும் மிஞ்சியிருந்தால், அந்தத் தடத்தில் கம்பம் நட்டு, கூரை போட்டு, மழை பெய்தால் ஒழுகுகிறதா என்று பார்ப்பார்கள். பிரான்சில் கெதெலோன் என்ற இடத்தில் 13-ஆம் நூற்றாண்டு முறைப்படி ஒரு கோட்டையை 1997 முதல் கட்டிக்கொண்டே இருக்கிறார்கள். கல் கொத்துகிறவர் கொத்திக்கொண்டே வருகிறவர்களுக்குப் பதில் சொல்வார். அவர் சம்பளம் பெரும்பாலும் நுழைவுச் சீட்டுப் பணத்திலிருந்து வருகிறது. நம் பக்கத்தில் முட்டுக்காடு தக்ஷிணசித்ராவில் 1996 முதல் குயவர் சக்கரம் சுற்றுகிறது. நமக்குத் தெரியாத சங்கதி இல்லை இது.

வியாழன், ஆதிச்சநல்லூர்

திருச்செந்தூர் பஸ்ஸில் காலையிலேயே வந்து இறங்கினோம். ஆடிக்காற்று ஆளைத் தள்ளுகிறது.

பெர்லினிலிருந்து ஜாகோர் என்ற ஜெர்மானிய ஆய்வாளர் வந்து இங்கே தோண்டியது 1876-இல். தொல்லியல் அதிகாரி அலெக்சாண்டர் ரீ 1899-இல் தொடங்கிப் பல பருவங்கள் தோண்டினார். 2004-இல் மத்திய தொல்லியல் துறை தோண்டியபோது 160-க்கும் மேற்பட்ட தாழிகள், அதாவது இறந்தவர்களை வைத்துப் புதைத்த பெரிய மண்பானைகள், வெளிப்பட்டன. 114 ஏக்கர் பறம்பு, அதாவது மேட்டு நிலம் இது. கண்ணாடித் தளத்தின் மேல் நின்று கீழே குழியிலேயே இருக்கும் தாழிகளைப் பார்க்கும்படி 2023-இல் அமைத்திருக்கிறார்கள். பாறையைக் குடைந்து, அந்தக் குழியில் தாழியை இறக்கியிருக்கிறார்கள். மேலிருந்து பார்த்தால் வாய் மட்டும்தான் தெரிகிறது. அடி கூம்பிப் போவதைப் பார்க்க ஓரமாகக் குனிய வேண்டும்.

தோழி வெண்கலத்தைப் பற்றிச் சொன்னாள். இங்கே கிடைத்த கிண்ணங்கள் சிலவற்றில் வெள்ளீயம் ஏறத்தாழ கால் பங்கு வரை இருக்கிறதாம். அவ்வளவு வெள்ளீயம் சேர்ந்தால் உலோகம் ஆறிய பிறகு தட்டினால் நொறுங்கிவிடும். செக்கச்சிவந்த சூட்டிலேயே அடித்து மெல்லிசாக்கி, அந்தச் சூட்டோடு தண்ணீரில் முக்க வேண்டும். இந்த வித்தையைச் செய்து காட்டக் கேரளத்துக் கம்மாளர்களிடம்தான் போய்ப் படிக்க வேண்டும். என் எண்ணம், இதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளலாம். கூட்டம் நிற்கும் இடத்தில் சிவந்த உலோகத்தை அடிப்பதென்றால் முதலில் வேலியும் தூரமும் பழக வேண்டும். மண்ணில் தொடங்குவதே சரி.

வெள்ளி, காருகுறிச்சி

செங்கோட்டை பாசஞ்சரில் போனோம். நாதஸ்வரம் அருணாசலம் பிறந்த ஊர் என்று ஊர் முழுக்கப் பெருமையாகச் சொல்வார்கள். எனக்கு இந்த ஊர் எப்போதும் பானை ஊர். தெருவில் நுழைந்ததுமே வரிசையாகக் கவிழ்த்து வைத்த சட்டிகள்.

நாங்கள் போன வீட்டில் தாத்தாவுக்கு எண்பது இருக்கும். மகன் இப்போது தொழிலைப் பார்க்கிறார். தோழி தன் போனில் தாழியின் படத்தைக் காட்டினாள். தாத்தா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, படத்தைப் பெரிதாக்கச் சொல்லி, விளிம்பிலிருந்து அடிவரை பார்த்தார்.

"தாழின்னு சொல்லுதியளே, இது எங்க குலுக்கைதான தம்பி. வாயைக் குறுக்கி அடியக் கூராக்குனா தாழி."

குலுக்கை என்றால் நெல் கொட்டி வைக்கும் மண் குதிர். அவர் இளவட்டமாக இருந்த காலத்தில் வீட்டுக்கு வீடு கேட்டு வாங்குவார்களாம். பிறகு தகர டிரம் வந்தது, குலுக்கை போனது. கடைசியாகச் செய்து பல வருசம் இருக்கும் என்றார். செய்து காட்ட முடியுமா என்று நாங்கள் கேட்பதற்குள் பேரனை மண் எடுத்துவரச் சொல்லிவிட்டார்.

நான் பார்த்ததை அப்படியே எழுதுகிறேன். தரையில் சாம்பல் தூவி அடிவட்டத்தைத் தட்டினார். கைத்தடிமனுக்கு மண்ணை உருட்டித் திரித்து, வளையமாக ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றினார். ஒவ்வொரு வளையத்தையும் கட்டைவிரலால் கீழே உள்ளதோடு இழுத்து ஒட்டினார். உள்ளே மேலிருந்து கீழாக, வெளியே கீழிருந்து மேலாக. ஒரு முழம் உயர்ந்ததும் நிறுத்திவிட்டார். "இன்னிக்கி இவ்வளவுதான். கொஞ்சம் இறுகட்டும். ஈரத்துமேல ஈரம் ஏத்துனா வயிறு சரிஞ்சிரும்." நேற்றைக்கே அவர் மகன் போட்டுவைத்திருந்த இன்னொரு அடிப்பாகம் பதமாக இறுகியிருந்தது. அதை எடுத்துக்கொண்டார். உள்ளே இடது கையில் உருண்டைக் கல், வெளியே வலது கையில் தட்டுப்பலகை. தட்டித் தட்டிச் சுவரை மெலிதாக்கியபடியே எழுந்து அதைச் சுற்றி நடக்க ஆரம்பித்தார்.

"சக்கரத்துல இத ஏத்த முடியாதுல்லா. ஆளுதான் பானையச் சுத்தி வரணும்."

அவர் நடந்த வேகத்தைக் கவனித்தேன். ஒரே சீர். கை ஒரு தட்டு, கால் அரை அடி. கைவேகத்துக்கும் கால்வேகத்துக்கும் உள்ள இந்தப் பொருத்தம்தான் சுவரை ஒரே தடிமனாக்குகிறது. எந்த அகழாய்வு அறிக்கையிலும் கால் நடந்ததை எழுத முடியாது. ஓட்டில் பலகைத் தடம்தான் மிஞ்சும்.

தோழி அப்போது புறநானூற்றுப் பாட்டு ஒன்றைச் சொன்னாள். கணவனை இழந்த ஒருத்தி, வண்டிச் சக்கரத்து ஆரக்காலில் ஒட்டிக்கொண்ட சிறு பல்லியைப் போல அவனோடு பல வழிகளைக் கடந்து வந்தவள், கலம் செய்யும் குயவனிடம் கேட்கிறாள்: தாழியை எனக்கும் சேர்த்து அகலமாகச் செய் என்று. 256-ஆம் பாட்டு, பாடியவர் பெயர் கிடைக்கவில்லை. தாத்தா இதற்கு முன் கேட்டதில்லை. தட்டுவதை நிறுத்திக் கேட்டார்.

"ரெண்டு பேருக்குன்னா வாய மட்டும் அகலமாக்குனா பத்தாது. அடியில கனம் கூட்டணும், இல்லைன்னா தூக்கையில விட்டுப்போவும். காயவும் பத்து நாளு கூடப் பிடிக்கும். அந்தப் பிள்ளைட்ட அத்தன நாளு ஏது?"

தோழி இதை எழுதிக்கொண்டாள். இவரைப் போன்ற ஒருவரை முன்னால் வைத்துக்கொண்டு, "நாங்கள் உங்களுக்குப் பயிற்சி தருகிறோம்" என்று எந்த வாயால் சொல்வது? அறிஞர்கள் இவரிடம் வந்து உட்கார்ந்து பழக வேண்டிய நாட்களும் பயிற்சித் திட்டத்திலேயே இருக்க வேண்டும்.

மகன், நாங்கள் அண்ணாச்சி என்று கூப்பிடுகிறோம், காரியமாகப் பேசினார். "ஒரு சூளை போட்டா வெறகு, வைக்கோல், மண்ணு எல்லாம் காசு. கொளத்து மண்ணுக்குத் தாசில்தார் ஆபீசுக்கு நடக்கணும். உங்களுக்காக நான் கருப்பு செவப்பு பழகுதேன்னு வையுங்க. பாதி ஒடையும், பாதி நெறம் வராது. அந்தக் காசு ஆருது?"

இந்தக் கேள்விதான் மொத்த விஷயத்தின் கழுத்து. பழைய வித்தையை மீட்கிறோம் என்று விழா எடுக்கிறவர்கள் விழா நாளுக்குத்தான் சம்பளம் வைக்கிறார்கள். கருப்பு சிவப்பு இன்று எந்த வீட்டிலும் வழக்கத்தில் இல்லை. மண் தெரியும், நெருப்பு தெரியும், அந்த நிறத்தை வரவழைப்பதை மட்டும் சோதித்துச் சோதித்துத்தான் பிடிக்க வேண்டும். அப்படிச் சோதிக்கிற நாளுக்கும், உடைந்த பானைக்கும் கூலி இருந்தால்தான் அது பயிற்சி. இல்லாவிட்டால் தொழில்காரர் தன் வீட்டு அரிசிக் காசில் நமக்கு ஆராய்ச்சி செய்து தருகிறார் என்று அர்த்தம்.

சனி, பத்தமடை

கோரைப் பாய்க்கு விளக்கம் தேவையில்லை. கோரையைக் கீறி, ஆற்றுத் தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போட்டு, காயவைத்து, சாயம் ஏற்றி, பருத்தி நூல் பாவில் கோப்பார்கள். 1953-இல் எலிசபெத் ராணி முடிசூட்டுக்கு இங்கிருந்து பாய் போனதை இன்றும் சொல்கிறார்கள். புவிசார் குறியீடும் இருக்கிறது. தறிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் பெண்கள் பெரும்பாலும் முஸ்லிம் வீட்டுப் பெண்கள்.

தாழிக் காலத்தில் இதே பாய் இருந்தது என்று சொல்லக் கூடாது என்பதில் நாங்கள் தெளிவாக இருக்கிறோம். கோரை இருந்தது, ஆறு இருந்தது, பின்னுகிற கையும் இருந்திருக்கலாம், அவ்வளவுதான் சொல்லலாம். "கெடச்சது இது, நாங்க நினைக்கது இது" என்று இரண்டையும் பிரித்துச் சொல்லப் பழக்குவது பயிற்சியில் முக்கியமான பாடம். வருகிறவர்கள் உறுதியான பதிலைத்தான் விரும்புவார்கள். அந்த ஆசைக்கு இடம் கொடுத்தால் ஒரே வருசத்தில் கதை கட்டுகிற இடமாகிவிடும்.

அங்கே அக்காவை லாத்தா என்பார்கள். லாத்தா ஒருவர் நெய்துகொண்டே எங்களோடு பேசினார். பேசப் பேச அவர் கை நின்றுவிடுகிறது. "பூ போட எண்ணிக்கிட்டே இருக்கணும். நீங்க கேட்டா எண்ணம் போயிரும், பொறவு அவுக்கணும்." நூறுக்கு மேல் பாவு நூல் ஓடும் மெல்லிய பாயில் ஒரு எண் தவறினால் பூ கோணிக்கொள்ளும். ஆகவே இங்கே இரண்டு பேர் வேண்டும். ஒருவர் நெய்ய, அதே வேலை தெரிந்த இன்னொருவர் பேச வேண்டும். அரைமணிக்கு ஒருமுறை மாறிக்கொள்ளலாம். கல்லூரி மாணவர் ஒருவரை மைக் கொடுத்து நிறுத்துவதில் எனக்குச் சம்மதமில்லை. "விரல் எங்க வலிக்கும்?" என்று ஒரு பிள்ளை கேட்டால் நெய்தவர்தான் பதில் சொல்ல முடியும்.

போட்டோ எடுப்பதைப் பற்றியும் லாத்தாதான் ஆரம்பித்தார். கையையும் பாயையும் எடுத்துக்கொள்ளட்டும், முகத்தை எடுக்கக் கூடாது. பலகை வைத்தால் போதாது, அதைச் சொல்லித் தடுக்க ஓர் ஆள் நிற்க வேண்டும் என்றார். குறித்துக்கொண்டோம்.

உடுப்பு விஷயத்திலும் எனக்கு உறுதியான கருத்து உண்டு. வெளிநாட்டு இடங்கள் சிலவற்றில் பழங்கால உடை உடுத்தி, பழங்கால ஆளாகவே நடிப்பார்கள். அங்கே அது விருப்பப்பட்டுப் போட்டுக்கொள்ளும் வேஷம். இங்கே குயவரைச் சட்டையைக் கழற்றி உட்கார வைத்தால், பார்க்கிறவன் கண்ணில் அது வேஷமாகத் தெரியாது. அவர் தன் சட்டையோடு, தன் பெயரோடு, இன்றைய மனிதராக உட்கார்ந்து, "பழைய ஆட்கள் இப்படிச் செய்திருக்கிறார்கள், நான் இப்படிச் செய்கிறேன்" என்று சொல்லட்டும்.

ஞாயிறு, ஸ்ரீவைகுண்டம் பக்கம்

சுருக்கமாக எழுதுகிறேன், களைப்பு. கொற்கையில் சங்கு அறுக்கத் தெரிந்த ஆள் யாரும் அகப்படவில்லை.

சிவகளையில் தாழிக்குள் இருந்த நெல்லுக்குக் கி.மு. 1155 என்று காலம் கிடைத்தது. அங்கே கிடைத்த இரும்பைப் பற்றி 2025 ஜனவரியில் வந்த அறிக்கை இன்னும் வெகு பின்னால் கொண்டுபோகிறது. அந்த நினைப்போடு ஒரு கொல்லுப்பட்டறைக்குப் போனோம். ஆசாரி லாரிப் பட்டையில் அரிவாள் அடித்துக்கொண்டிருந்தார். "அடிக்கது தெரியும். மண்ணுல இருந்து இரும்பு எடுக்கத எங்க தாத்தாவே பாத்ததில்ல" என்றார். பானையில் கை மிச்சம் இருக்கிறது. இரும்பில் பாதிக் கை போய்விட்டது. களிமண் உலையில் கரியும் தாதும் மாற்றி மாற்றிப் போட்டு, துருத்தி ஊதி, உருகாத இரும்புக் கட்டியை வெளியே எடுத்து, கசடு தெறிக்க அடிக்க வேண்டும். அதை யாராவது முதலிலிருந்து பழகத்தான் வேண்டும். பழகினால் இவர் மாதிரி அடிக்கத் தெரிந்தவர்தான் பழக வேண்டும், ஏனென்றால் கட்டி எந்தச் சூட்டில் அடி தாங்கும் என்று கண்ணாலேயே சொல்லிவிடுவார்.

திங்கள், மறுபடி காருகுறிச்சி

நாங்கள் முன்கூட்டியே போனில் சொல்லியிருந்ததால் அண்ணாச்சி போன வாரமே சின்னக் கிண்ணங்கள் வனைந்து, கூழாங்கல்லால் தேய்த்து மெருகேற்றிக் காயவைத்திருந்தார். நேற்று இரவு சூளை. கிண்ணங்களுக்குள் உமியும் இலையும் திணித்து, வைக்கோல் படுக்கையில் கவிழ்த்து, மேலே வரட்டியும் தேங்காய் மட்டையும் அடுக்கிக் கொளுத்தியிருக்கிறார். செலவை நாங்கள் ஏற்றுக்கொண்டோம், கூலியோடு சேர்த்து.

காலையில் பிரித்தோம். மேற்குப் பக்கத்துக் கிண்ணங்கள் எல்லாம் உள்ளும் புறமும் சிவப்பு. கிழக்கே இருந்தவற்றில் உள்ளே திட்டுத் திட்டாகக் கருப்பு. சில விரிந்து, அதாவது விரிசல் விட்டுப் போயிருந்தன. ஒன்றே ஒன்று, நடுவில் இருந்தது, அருங்காட்சியகத்தில் பார்த்ததைப் போலவே வந்திருந்தது. விளிம்பிலிருந்து ஒரு விரல் அகலம் கீழே வரை கருப்பு, அதற்கப்புறம் நேர்கோடு பிடித்த மாதிரி சிவப்பு. துணியால் துடைத்தபோது உள்ளே பளபளத்தது. அண்ணாச்சி அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

தாத்தா உடைந்ததைத்தான் பார்த்தார். "மேல்காத்து. ஆடியில சூளை ஒருபக்கந்தான் எரியும். அது ஒண்ணு. இன்னொண்ணு, வைக்கோல் எரிஞ்சு அமுங்குனதும் கிண்ணம் சாஞ்சிருக்கு. வாய்க்கும் தரைக்கும் சந்து விழுந்தா காத்துப் போவும். காத்துப் போனா எங்க கருக்கும்?" நடுக் கிண்ணம் இருந்த இடத்தைத் தோண்டிக் காட்டினார். அங்கே வைக்கோலுக்கு அடியில் தரை மணலாக இருந்தது. கிண்ணத்தின் வாய் அந்த மணலில் பதிந்து நின்றிருக்கிறது. அடுத்த சூளைக்கு மணல் படுக்கை, மேற்கே தட்டி மறைப்பு என்று அப்பாவும் மகனும் அங்கேயே பேசி முடித்துவிட்டார்கள்.

சூளை பிரிக்கும் நாளில் கூட்டம் இருக்க வேண்டும் என்பது இன்று எனக்கு உறைத்தது. சரியாக வந்த ஒன்றை மட்டும் காட்டாமல் சிவந்து போனதையும் விரிந்ததையும் பக்கத்தில் அடுக்கி, இது ஏன் இப்படி ஆச்சு என்று தாத்தா சொல்வதைக் கேட்கும்படி செய்ய வேண்டும்.

செவ்வாய், ஒரு பள்ளிக்கூட மைதானம்

அண்ணாச்சியும் அவர் மனைவியும் வந்தார்கள். மைனி என்றே நாங்கள் கூப்பிடுகிறோம். ஏழாம் வகுப்புப் பிள்ளைகள். ஒரு தாழியைத் தொடக்கம் முதல் கடைசி வரை யாரும் உட்கார்ந்து பார்க்க முடியாது. அதனால் மண் பிசைந்தது, அடி போட்டது, பாதி ஏறியது, காய்ந்தது, சுட்டது என்று வெவ்வேறு நிலைகளில் முன்கூட்டியே செய்து வரிசையாக வைத்தோம்.

அண்ணாச்சி முதலில் பேசவே இல்லை. தலையைக் குனிந்து வேலையைப் பார்த்தார். மைனிதான் ஒரு பையனைக் கூப்பிட்டு, "இந்தாய்யா, உள்ள கையவிட்டுக் கல்லப் புடி" என்றார். அவன் கல்லைப் பிடிக்க, இவர் வெளியே தட்ட, உள்ளே அதிர்வதை உணர்ந்து அவன் கத்தினான். அதன்பிறகு பிள்ளைகளை நிறுத்த முடியவில்லை. அண்ணாச்சிக்கும் நாக்கு அவிழ்ந்தது. தாழியில் என்ன இருக்கும் என்று ஒருத்தி கேட்டதற்கு, "எலும்பு, நெல்லு, சின்னக் கிண்ணம்லாம் எடுத்திருக்காவ. ஏன் வச்சாவன்னு அவியளத்தான் கேக்கணும், நாம நெனைச்சுப் பாக்கலாம்" என்றார். இதை நாங்கள் சொல்லிக் கொடுக்கவில்லை.

திரும்பும் வழியில் வருசத்துக் கணக்கைப் பேசினோம். மார்கழி தொடங்கிப் பொங்கல் முடியும் வரை அவரால் எங்கும் வர முடியாது; பொங்கல் பானைதான் வருசத்துச் சோறு. ஐப்பசி, கார்த்திகையில் மழை பெய்தால் பானை காயாது, சூளை எரியாது, வீட்டில் சும்மா இருக்க வேண்டியதுதான். "அந்த ரெண்டு மாசத்துல கூரை போட்ட எடத்துல கூப்பிட்டா, எங்க தெருவுல இருந்து எத்தன வீடு வேணும்னாலும் வரும்" என்றார் மைனி. சுற்றுலா விழாக்களைத் தை மாசத்தில் வைப்பதுதான் வழக்கம். எங்கள் கோரிக்கைக் கடிதத்தில் மழைக்காலக் கொட்டகை, உடைந்த பானைக்கும் கூலி, பாய்க்கு இரண்டு ஆள் என்று மூன்றையும் எழுதி, வெள்ளிக்கிழமை அண்ணாச்சியிடமும் லாத்தாவிடமும் வாசித்துக் காட்டிவிட்டு அனுப்புகிறோம்.